லாடமும் ஊசியும் பலிக்காத குதிரை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

குதிரையின் கால் நொண்டல் பற்றி வந்த கடிதங்களை மட்டும் இந்த இதழில் எடுத்துக்கொண்டிருக்கிறோம். முதல் கடிதத்தில் உள்ள சிக்கல் குதிரை வளர்ப்போர் பலருக்கும் பொதுவானது என்பதால் அதற்கான பதில் நீண்டுவிட்டது.

கேள்வி: பந்தயத்திலிருந்து ஓய்வு பெற்ற தரோபிரெட் இனப் பெண் குதிரை ஒன்று என்னிடம் இருக்கிறது. வயது ஒன்பது. நீண்ட நாள்களாக முன்னங்கால்கள் இரண்டையும் தாங்கித் தாங்கி நடக்கிறது. எக்ஸ்ரே எடுத்த மருத்துவர், குளம்புக்குள் இருக்கும் நாவிகுலர் எலும்பில் கோளாறு என்றார். குதிகாலை உயர்த்தும் ஆப்பு லாடம், மூட்டுக்குள் ஸ்டீராய்டு ஊசி, ஃபினைல்பூட்டசோன் என்னும் வலி மருந்து, மாதக்கணக்கில் லாயத்தில் ஓய்வு என எல்லாம் செய்து பார்த்தாயிற்று. ஊசி போட்டால் சில வாரங்கள் நன்றாக நடக்கும், பிறகு பழையபடிதான். இப்போது வலி தெரியாமலிருக்கக் குளம்புக்குச் செல்லும் நரம்பை வெட்டலாம், இல்லாவிட்டால் கருணைக் கொலை செய்துவிடலாம் என்கிறார்கள். லாடத்தைக் கழற்றி வெறுங்குளம்போடு விட்டால் சரியாகிவிடும் என்கிறார் நண்பர் ஒருவர். நம்பலாமா? தீவனமாகக் கோ-4 புல், கொள்ளு, கோதுமைத் தவிடு, மாலையில் கொஞ்சம் வெல்லம் கொடுக்கிறோம். லாயம் சிமெண்டுத் தரை.
- வாசகர், பொள்ளாச்சி

பதில்: நரம்பை வெட்டுவதற்கும் கருணைக் கொலைக்கும் முன்பாகச் செய்து பார்க்க வேண்டியவை உங்கள் கடிதத்திலேயே மூன்று நான்கு தென்படுகின்றன. வெறுங்குளம்பு முறை அவற்றில் ஒன்று. ஆனால் லாடத்தைக் கழற்றுவதுதான் அந்த முறை என்று உங்கள் நண்பர் நினைத்திருந்தால், அவர் பாதியைக்கூடச் சொல்லவில்லை. லாடத்தைக் கழற்றக் கால் மணி நேரம் போதும்; அதற்குப் பிறகு ஓராண்டு செய்ய வேண்டிய வேலைதான் சிகிச்சை.

இதுவரை கொடுத்த மருந்துகளைக் குறை சொல்வதற்கில்லை. வலியையும் வீக்கத்தையும் குறைப்பது அவற்றின் வேலை. அதை அவை செய்திருக்கின்றன. வலிக்குக் காரணமான குளம்பின் வடிவமும், குதிரை காலை ஊன்றும் விதமும், தின்னும் தீனியும் மாறாமல் இருந்தால், ஊசியின் பலன் தேய்ந்ததும் நொண்டல் திரும்புவது எதிர்பார்க்கக்கூடியதே.

முதல் வேலையாக, நோய் எங்கே இருக்கிறது என்பதை மறுபடியும் உறுதிசெய்யுமாறு மருத்துவரிடம் கேளுங்கள். ஒரு முன்னங்காலில் மட்டும் வலி இருந்தால், டிராட் என்னும் மிதமான ஓட்டத்தில் அந்தக் கால் தரையைத் தொடும்போது தலை மேலே எழும்பும். நல்ல கால் ஊன்றும்போது தாழும். இரண்டு கால்களிலும் ஏறத்தாழ ஒரே அளவு வலி இருந்தால் தலை ஆடவே ஆடாது. அடி குறுகும், தோள்பட்டை இறுகியதுபோல் தோன்றும், குதிரைக்குச் சோம்பல் வந்துவிட்டது என்றுகூட உரிமையாளர் நினைத்துக்கொள்வார். குளம்பின் பின்பகுதிக்குச் செல்லும் நரம்பை ஒரு காலில் மட்டும் மரக்கச் செய்தால், அதுவரை மறைந்திருந்த மறுகாலின் நொண்டல் பளிச்சென்று வெளிப்படும். வலியின் இடத்தைக் கண்டறிய இந்தச் சோதனையைப் போல் பயன்படுவது வேறில்லை. அது உங்கள் குதிரைக்குச் செய்யப்பட்டதாகக் கடிதத்தில் காணவில்லை.

எக்ஸ்ரேயில் எலும்பு தெரியும், தசைநாண் தெரியாது. காலின் பின்புறமாக இறங்கி, நாவிகுலர் எலும்பின்மேல் உரசிச் சென்று குளம்பெலும்பில் பற்றும் ஆழ்மடக்குத் தசைநாணிலோ, மூட்டின் பக்கவாட்டு இணைநார்களிலோ கிழிசல் இருந்தாலும் குதிரை இப்படியேதான் நொண்டும். எம்.ஆர்.ஐ. ஸ்கேன் வந்த பிறகே, நாவிகுலர் நோய் என்று பெயரிடப்பட்ட பல குதிரைகளுக்குக் காயம் உண்மையில் இவற்றில் இருந்தது தெரியவந்தது. எக்ஸ்ரேயில் எலும்பு மோசமாகத் தெரிந்தும் நொண்டாமல் திரியும் குதிரைகளும் உண்டு. ஆகவே ஒரு எக்ஸ்ரே படத்தை மட்டும் வைத்துக்கொண்டு கருணைக் கொலைக்கு நாள் குறிக்க வேண்டியதில்லை.

இரண்டாவதாக, குளம்பை நீங்களே தூக்கிப் பாருங்கள். அடிப்புறத்தில், பின்பகுதி அகன்றும் முன்பகுதி கூராகவும் ரப்பர்போல இருக்கும் முக்கோணத்தை ஃபிராக் என்பார்கள். நல்ல குளம்பில் அது அகலமாக, கட்டை விரலால் அழுத்தினால் சற்றே அமுங்கி, தரையைத் தொடும்படி இருக்கும். அதன் நடுவில் ஆழமற்ற ஒரு பள்ளம் மட்டுமே இருக்க வேண்டும். அந்த இடத்தில், இரண்டு குதிகால் மேடுகளுக்கு இடையே மேல்நோக்கிச் செல்லும் பிளவு ஒன்று இருந்து, பஞ்சுக் குச்சி அதற்குள் ஓர் அங்குலம் இறங்கி, நாற்றமடிக்கும் கறுப்புச் சகதியோடு வெளியே வந்தால், குதிரை குதிகாலை ஊன்ற மறுப்பதற்கு அந்த அழுகலே போதுமான காரணம். மழைக்காலத்தில் சிறுநீர் தேங்கும் சிமெண்டுத் தரையில் நிற்கும் குதிரைகளுக்கு இது சர்வசாதாரணமாக வரும். மயில்துத்தத்தை அப்படியே தூவும் பழக்கம் நம் பக்கம் இருக்கிறது; அது உயிருள்ள சதையை அரித்துவிடும். பிளவைக் கழுவி, நன்றாக உலர்த்தி, மருத்துவர் தரும் களிம்பைத் துணித்திரியில் தோய்த்து உள்ளே வைத்து, தினமும் மாற்ற வேண்டும்.

மூன்றாவது, தீவனம். உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் யோசிக்க வைத்த வரி இதுதான். கோ-4 போன்ற நேப்பியர் ஒட்டுப்புற்களில் ஆக்சலேட் அதிகம். மாடுகளின் அசையிரைப்பையில் உள்ள நுண்ணுயிரிகள் ஆக்சலேட்டைப் பெருமளவு சிதைத்துவிடுவதால் அவற்றுக்குப் பெரிதாகத் தொந்தரவு இல்லை. குதிரையின் குடலிலோ அது கால்சியத்தைக் கட்டிப்போட்டு உடலில் சேரவிடாமல் செய்கிறது. அதோடு, பாஸ்பரஸ் மிகுந்து கால்சியம் குறைந்த கோதுமைத் தவிட்டையும் தினமும் கொடுத்தால், உடல் தனக்கு வேண்டிய கால்சியத்தை எலும்பிலிருந்து உருவத் தொடங்கும். இன்று ஒரு கால், நாளை வேறொரு கால் என மாறி மாறி நொண்டுவதும், விறைத்த நடையும் இதன் முதல் அறிகுறிகள். முற்றினால் கண்ணுக்குக் கீழே முக எலும்பு இருபுறமும் வீங்கும். ஆஸ்திரேலியாவில் செடேரியா, கிக்குயு, நம் ஊர்க் கொழுக்கட்டைப் புல் ஆகியவற்றை மேய்ந்த குதிரைகளுக்கு இந்த நோய் வருவதை நெடுநாளாக அறிந்திருக்கிறார்கள். ரத்தப் பரிசோதனையில் கால்சியம் சரியாக இருக்கிறது என்று நிம்மதி அடைந்துவிடாதீர்கள். எலும்பை அரித்தாவது ரத்தத்தின் அளவை உடல் சரிக்கட்டிக்கொள்ளும்.

தவிட்டையும் வெல்லத்தையும் நிறுத்திவிடுங்கள். கோ-4 புல்லை இரண்டு வாரங்களில் படிப்படியாகக் குறைத்து, அந்த இடத்தில் காய்ந்த ஓட்ஸ் புல்லும் ஓரளவு குதிரைமசாலும் கொண்டுவாருங்கள். குதிரைமசாலில் கால்சியம் மிகுதி. 450 கிலோ எடையுள்ள குதிரைக்கு நாளொன்றுக்கு 7 முதல் 9 கிலோ வரை உலர் தீவனம் தேவை. ஊறவைத்து வேகவைத்த கொள்ளைச் சிறிதளவு கொடுப்பதில் தவறில்லை. கால்சியம், துத்தநாகம், தாமிரம் அடங்கிய தாது உப்புக் கலவையின் அளவை மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.

இனி குளம்புக்கு வருவோம். குதிரை தன் எடையில் ஏறத்தாழ 60 சதவீதத்தை முன்னங்கால்களில்தான் தாங்குகிறது. நலமான குதிரை கெட்டியான சமதரையில் நடக்கும்போது குதிகால்தான் முதலில் தரையைத் தொடும், அல்லது குளம்பு முழுவதும் ஒன்றாகப் படியும். குதிகாலுக்குள் ஃபிராக்கின் மேலே உள்ள மெத்தைத் திசுவும் இருபுறக் குருத்தெலும்புகளும் அந்த அதிர்ச்சியை வாங்கிக்கொள்கின்றன. மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் குதிரைக் குளம்பின் உடற்கூற்றை நெடுங்காலம் ஆராய்ந்த ராபர்ட் பௌக்கர், நல்ல குளம்புகளில் இந்த மெத்தை நார்க்குருத்தெலும்பாக உறுதிப்பட்டிருப்பதையும், நலிந்த குளம்புகளில் அது கொழுப்பும் மீள்நாருமாகவே நின்றுவிடுவதையும் காட்டினார். உழைக்க உழைக்கத்தான் அந்தத் திசு உறுதிப்படும். பந்தயக் குதிரைகளுக்கு இரண்டு வயதுக்குள்ளேயே லாடம் அடித்து விடுகிறார்கள். நாளின் பெரும்பகுதியை அவை லாயத்துக்குள் கழிக்கின்றன. முனை நீண்டு, குதிகால் தாழ்ந்து முன்னோக்கிச் சரிந்த குளம்பு அந்த இனத்தில் அவ்வளவு பரவலாக இருப்பதில் வியப்பில்லை.

குதிகாலில் வலி எடுத்தால் குதிரை முனையை முதலில் ஊன்றும். முனையை ஊன்ற ஊன்றத் தசைநாணில் இழுவிசை கூடும், குதிகால் மேலும் நலியும், வலியும் கூடும். ஆப்பு லாடம் இழுவையைக் குறைத்து உடனடி ஆறுதல் தருவது உண்மைதான். ஆனால் ஏற்கெனவே நலிந்த குதிகாலின்மேல் கூடுதல் பாரம் விழுவதால், நாளடைவில் அது இன்னும் நசுங்குகிறது. சில வாரங்களுக்குக் கட்டுப்போல் பயன்படுத்த வேண்டிய ஒன்றை ஆண்டுக்கணக்கில் மாட்டிவைத்தால் என்ன ஆகும் என்பதற்கு உங்கள் குதிரையும் ஓர் உதாரணமாக இருக்கலாம்.

மருத்துவரும் லாடக்காரரும் சம்மதித்தால் இப்படித் தொடங்குங்கள். டெட்டனஸ் தடுப்பூசி போட்டிருப்பதை உறுதிசெய்த பிறகு லாடத்தைக் கழற்றச் சொல்லுங்கள். அன்றே குளம்பை மளமளவென்று சீவிவிடக் கூடாது. அடித்தட்டைக் கத்தியால் தொடவே வேண்டாம்; அந்தக் கனம்தான் குதிரைக்குச் செருப்பு. ஃபிராக்கில் தொங்கும் கிழிசல்களை மட்டும் எடுத்துவிட்டு, நீண்ட முனையை அரத்தால் பின்னோக்கி உருட்டிவிட்டால் போதும். மூன்று நான்கு வாரங்களுக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாகத் திருத்துங்கள். குளம்புக்கான காலணியான ஹூஃப் பூட் கிடைத்தால் உள்ளே மெத்தை வைத்து மாட்டலாம். கிடைக்காவிட்டால், செருப்புத் தைப்பவர்களிடம் இருக்கும் மிருதுவான ஈவா ஷீட்டைக் குளம்பின் அளவுக்கு வெட்டி, அகலமான ஒட்டு நாடாவால் சுற்றிக் கட்டுங்கள். நாடா முடி முளைக்கும் விளிம்புக்கு மேலே ஏறினால் தோலை அறுத்துவிடும்.

சிமெண்டுத் தரையில் ஒரு பகுதியிலாவது உருண்டையான சிறு கூழாங்கற்களை அரை அடி உயரத்துக்குப் பரப்புங்கள். கட்டுமானத்துக்கு வாங்கும் ஜல்லி கூடாது. அதன் முனை குத்தும். கூழாங்கல் குளம்பின் பள்ளமேடுகளுக்கு ஏற்ப இடம் கொடுத்து ஃபிராக்கைத் தாங்கும். இது புதிய கண்டுபிடிப்பும் இல்லை: கிறிஸ்து பிறப்பதற்கு ஏறத்தாழ நான்கு நூற்றாண்டுகள் முன்பே கிரேக்கப் படைத்தலைவர் செனபன், குதிரை நிற்கும் இடத்தில் உருண்டைக் கற்களைப் பரப்பினால் குளம்பு உறுதிப்படும் என்று எழுதி வைத்திருக்கிறார்.

பிறகு நடை. குதிரைக்கு எந்தத் தரையில் எந்த மெத்தையோடு குதிகால் முதலில் ஊன்றுகிறதோ, அந்தத் தரையில்தான் நடத்த வேண்டும். கைப்பேசியைத் தரை மட்டத்தில் பக்கவாட்டில் வைத்து மெதுவோட்டப் பதிவு எடுத்தால், குதிகாலா முனையா எது முதலில் படுகிறது என்பது தெளிவாகத் தெரியும். காலையும் மாலையும் பத்து நிமிடம், நேர்கோட்டில், கையில் பிடித்து நடத்துங்கள்; நடை நன்றாக இருந்தால் வாரந்தோறும் சில நிமிடங்கள் கூட்டுங்கள். கயிற்றில் கட்டி வட்டமாகச் சுற்ற விடுவதை அடியோடு நிறுத்துங்கள். வலி இருக்கும் காலைத் திருப்பத்தில் ஊன்றுவதுதான் குதிரைக்கு மிகக் கடினம். இங்கிலாந்தின் எக்ஸ்மூர் பகுதியில் ராக்லி என்னும் பண்ணை, கைவிடப்பட்ட நிலையில் வந்த இப்படிப்பட்ட குதிரைகளை லாடமில்லாமல் பலவகைத் தரைகளில் நடக்கவிட்டு, சீவுவதைக்கூடப் பெரும்பாலும் தவிர்த்து, குளம்பு தானே தேய்ந்து வடிவம் பெற விட்டது. அந்த அளவுக்குப் போக அங்குள்ளதுபோன்ற இடவசதி வேண்டும். கோட்பாடு மட்டும் ஒன்றுதான்.

குளம்பு மாதத்துக்கு 6 முதல் 10 மில்லிமீட்டர்தான் வளரும். முனை முழுதும் புதிதாக வளர்ந்து இறங்க ஒன்பது மாதம் முதல் ஓராண்டு ஆகும். இரண்டு மூன்று மாதங்களில் முடி விளிம்பின் கீழே புதிய வளர்ச்சி, பழைய சுவரைவிடச் செங்குத்தான கோணத்தில் இறங்குவதைக் காணலாம். அது தெரிந்தால் போகும் வழி சரி. வலி மருந்தை மருத்துவர் சொல்லும் விதத்தில் குறைத்துக்கொண்டே வாருங்கள். ஃபினைல்பூட்டசோனைத் தொடர்ந்து கொடுத்தால் வயிற்றுப் புண்ணும் சிறுநீரகக் கோளாறும் வரும்; அதோடு, வலி மறைந்த குதிரை தாங்க முடியாத தூரத்தையும் நடந்து வைக்கும், அதன் நடையைப் பார்த்து நீங்கள் எதையும் முடிவு செய்ய முடியாது.

இவ்வளவுக்குப் பிறகும் எல்லாக் குதிரைகளும் தேறுவதில்லை. தசைநாண் பெருமளவு கிழிந்திருந்தாலோ எலும்பு நொறுங்கியிருந்தாலோ குளம்பு வடிவத்தால் அதை ஈடுகட்ட முடியாது. நான்கு மாதம் ஒழுங்காகச் செய்தும் சும்மா நிற்கும்போதே வலி குறையவில்லை, நாளின் பெரும்பகுதி படுத்தே கிடக்கிறது, தீனியில் நாட்டமில்லை என்றால் கருணைக் கொலை பற்றி மருத்துவரோடு திரும்பவும் பேசுங்கள். அந்த நிலையில் அது குதிரைக்குச் செய்யும் துரோகம் ஆகாது.

கேள்வி: லாடத்தைக் கழற்றி ஒரு வாரம் ஆகிறது. என் குதிரை முன்பைவிட மோசமாக நடக்கிறது. திரும்பவும் அடித்துவிடலாமா?
- வாசகர், ஈரோடு

பதில்: மெல்லிய அடித்தட்டுள்ள குதிரை முதல் சில வாரங்கள் கல்லும் கரடுமான தரையில் தயங்குவது இயல்பு. மணலிலும் சமதரையிலும் மெத்தை கட்டிய நிலையிலும் அது தாராளமாக நடக்கிறதா என்று பாருங்கள். நடந்தால் மெத்தையோடு தொடரலாம். மிருதுவான தரையில்கூட நொண்டினால், குறிப்பாக ஒரே ஒரு காலைத் தரையில் வைக்கவே மறுத்து, குளம்பு சுட்டு, மேலே நாடி துள்ளினால், உள்ளே சீழ் கட்டியிருக்க வாய்ப்பு அதிகம். அன்றே மருத்துவரை அழையுங்கள். வெறுங்குளம்புக்கு மாறும்போது வலி வந்துதான் தீரும், பொறுத்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லும் ஆர்வலர்கள் இருக்கிறார்கள். நான் அதை ஏற்கவில்லை. வலியோடு நடக்கும் குதிரை முனையை ஊன்றும். எந்தக் குதிகாலை வளர்க்க லாடத்தைக் கழற்றினோமோ அது வளராது. மெத்தை கட்டியும் தேறாவிட்டால் லாடத்துக்குத் திரும்புவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

கேள்வி: எங்கள் மட்டக்குதிரைக்கு இரண்டாவது முறையாக லாமினைடிஸ் என்னும் குளம்பு அழற்சி வந்திருக்கிறது. மருந்து கொடுத்தால் அடங்குகிறது, மறுபடி வருகிறது. தானியமே கொடுப்பதில்லை, வெளியில் மேய்வதோடு சரி. கழுத்து மட்டும் தடித்துக்கொண்டே போகிறது.
- வாசகர், உதகமண்டலம்

பதில்: தடித்த கழுத்துதான் விடை. பிடரிக்கு அடியில் கொழுப்பு திரண்டு கெட்டியாக இருக்கும் மட்டக்குதிரைகளில் ரத்தத்தில் இன்சுலின் அளவு கட்டுக்கடங்காமல் ஏறுகிறது. இன்சுலின் மட்டுமே லாமினைடிஸை உண்டாக்கப் போதுமானது என்பதை 2007-இல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் நலமான மட்டக்குதிரைகளை வைத்து ஆய்வாளர்கள் காட்டினார்கள். தானியம் கொடுக்காவிட்டாலும் புல்லில் சர்க்கரை இருக்கிறது. உங்கள் ஊரில் டிசம்பர், ஜனவரி மாதங்களில் உறைபனி இறங்கி மறுநாள் வெயில் அடிக்கும்போது, புல் சர்க்கரையைத் தயாரித்துக்கொண்டே இருக்கும். குளிரில் வளர முடியாததால் அதைச் செலவழிக்காமல் தன்னிடமே சேர்த்துவைக்கும். அந்தப் புல்லை மேய்வது இந்தக் குதிரைக்கு விஷம்.

மேய்ச்சலை முழுவதும் நிறுத்தி, காய்ந்த புல்லை ஒரு மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுக் கொடுங்கள். இன்சுலின் பரிசோதனைக்கு மருத்துவரிடம் கேளுங்கள். குளம்பெலும்பு எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பதை எக்ஸ்ரேயில் பார்த்து அதற்கேற்பச் சீவ வேண்டும். முதல் கடிதத்தில் நடையைப் பற்றிச் சொன்னவை இங்கே பொருந்தாது: வலி கடுமையாக இருக்கும் நாள்களில் இந்தக் குதிரையை நடத்தவே கூடாது. குளம்புச் சுவரை எலும்போடு பிணைக்கும் இழைகளே அப்போது அறுந்துகொண்டிருக்கும். ஆழமான மணலில் நிற்கவிட்டு, நோய் தொடங்கிய முதல் இரண்டு மூன்று நாள்களுக்கு மருத்துவரின் கண்காணிப்பில் கால்களைப் பனிக்கட்டி நீரில் வைத்திருக்கலாம்.

கேள்வி: பின்னங்கால் ஒன்றில் அடிபட்டு நீண்ட நாளாகப் பாரம் ஊன்றாமல் நிற்கிறது எங்கள் குதிரை. அந்தக் காலை மட்டும் கவனித்தால் போதுமா?
- வாசகர், தஞ்சாவூர்

பதில்: போதாது. நல்ல காலையும் அதே அளவு கவனிக்க வேண்டும். ஒரு காலில் பாரம் ஊன்றாத குதிரையின் மறுகால் ஓயாமல் சுமப்பதால், அந்தக் குளம்புக்குள் ரத்த ஓட்டம் தடைப்பட்டு லாமினைடிஸ் வருகிறது. 2006-இல் அமெரிக்காவின் கென்டக்கி டெர்பி பந்தயத்தை வென்ற பார்பரோ என்னும் குதிரைக்கு, இரண்டு வாரங்கள் கழித்து நடந்த பந்தயத்தில் வலது பின்னங்கால் உடைந்தது. சிறந்த அறுவைச் சிகிச்சை கிடைத்தும், இடது பின்குளம்பில் லாமினைடிஸ் வந்து, பிறகு மற்றக் கால்களுக்கும் சிக்கல் பரவி, 2007 ஜனவரியில் அதைக் கருணைக் கொலை செய்ய நேர்ந்தது. நல்ல காலின் அடியில் மெத்தை கட்டுங்கள், தரையில் மணலைக் கனமாகப் பரப்புங்கள், அடிபட்ட காலின் வலியைச் சரியாகக் கட்டுப்படுத்தச் சொல்லுங்கள்; அது சிறிது நேரமாவது ஊன்றினால்தான் மறுகாலுக்கு ஓய்வு.

கேள்வி: நரம்பை வெட்டினால் வலி நிரந்தரமாகப் போய்விடுமா?
- வாசகர், மதுரை

பதில்: குளம்பின் பின்பகுதியில் உணர்வு போய்விடும், நோய் அப்படியே இருக்கும். சில ஆண்டுகளில் நரம்பு மீண்டும் வளர்ந்து இணையலாம், வெட்டிய முனையில் வலிமிகுந்த முடிச்சு உருவாகலாம், ஏற்கெனவே நைந்த தசைநாண் வலி தெரியாத ஓட்டத்தில் அறுந்தும் போகலாம். ஆணி ஏறினால்கூடக் குதிரைக்குத் தெரியாது என்பதால் குளம்பைத் தினமும் தூக்கிப் பார்த்தாக வேண்டும். வேறு எல்லா வழியும் பார்த்த பிறகு, சவாரிக்கு இல்லாமல், வலியின்றி வாழ்வதற்காக மட்டும் செய்வதென்றால் யோசிக்கலாம்.

கேள்வி: நொண்டும் காலுக்குச் சூடு போட்டால் சரியாகும் என்கிறார் எங்கள் ஊர்ப் பெரியவர். ஆடி மாதம் அந்தியூர் சந்தைக்குக் குதிரையைக் கொண்டுபோக வேண்டும். அதன்பின் கல்யாண ஊர்வலங்களும் வரிசையாக இருக்கின்றன.
- வாசகர், கோபிசெட்டிபாளையம்

பதில்: சூடு வேண்டாம். பழுத்த இரும்பை வைத்த பிறகு குதிரை சில மாதம் வேலை செய்ய முடியாமல் கிடக்கும்; அந்த ஓய்வில் தேறியதைச் சூட்டின் பலன் என்று சொல்லிவிடுகிறார்கள். ஓய்வை மட்டும் சூடில்லாமல் கொடுக்கலாமே.

சந்தைக்கும் ஊர்வலத்துக்கும் இந்த ஆண்டு அனுப்பாதீர்கள். நோயாலோ காயத்தாலோ வேலைக்குத் தகுதியற்ற விலங்கிடம் வேலை வாங்குவது, 1960-ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் 11-ஆம் பிரிவின்படி குற்றம். தார் சாலையில் கூட்டத்துக்கும் வெடிச் சத்தத்துக்கும் நடுவே மணிக்கணக்கில் நிற்பது நலமான குளம்புக்கே கடினம். முன்பணம் வாங்கியிருந்தால் வேறொரு குதிரையை ஏற்பாடு செய்து கொடுங்கள். உங்கள் குதிரையை இந்த வாரமே மருத்துவரிடம் காட்டி, எந்தக் கால், எந்த இடம் என்பதைத் தெரிந்துகொண்டு மறுபடி எழுதுங்கள். குளம்பின் அடிப்புறத்தையும் பக்கவாட்டையும் எடுத்த படங்களைக் கடிதத்தோடு சேர்த்து அனுப்பினால் பதில் சொல்ல உதவியாக இருக்கும்.